யோயோவைப் பார்த்துக் குரைத்த துரை

தனி தாசில்தார் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதற்குப் பத்து நாள் இருக்கும்போது, எங்கள் வீட்டு நாய் என்னைப் பார்த்துக் குரைத்தது.

நான் ஒன்றும் செய்யவில்லை. குளித்துவிட்டு வந்து, ஈரத் தலையைக் கொண்டை போடக் கையைத் தூக்கினேன். அவ்வளவுதான். வாசலில் படுத்திருந்த துரை நாலு காலில் எகிறி எழுந்து, பின்னால் பின்னால் போய், கள்ளனைக் கண்டதுபோல் ஊரைக் கூட்டியது. நான் கையை இறக்கினேன். குரைப்பு நின்றது. சோதித்துப் பார்க்க மறுபடி தூக்கினேன். மறுபடி லொள், லொள்!

அம்மா அப்போதுதான் நடவு முடிந்து வந்து, முழங்கால் சேற்றை வாய்க்காலில் கழுவிக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே பார்த்தாள்.

“நல்லா இருக்குடி! இந்த வீட்டுப் பொண்ணுன்னு நாயே ஒத்துக்க மாட்டேங்குது. தாசில்தாரு எங்கேருந்து ஒத்துக்கப்போறாரு?”

அம்மா கேலியாகச் சொன்னாளே தவிர, அதில் கேலி இல்லை. எங்கள் வீடு அந்த நாயின் வாயில்தான் இருந்தது. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாயை விசாரிக்கும் அதிகாரி

சென்னையில் ஆட்சி மாறிச் சில வருஷம் ஆகியிருந்தது. மதகுக்கு மதகு கொடிக்கம்பம் நட்டிருந்தார்கள். டீக்கடையில் பன் கேட்கிறவன்கூட மேடைத் தமிழில் கேட்டான். இன்னொரு பக்கம் கூலித் தகராறு, குத்தகைத் தகராறு, அறுப்புக்கு வெளியூர் ஆளை இறக்கினால் அடிதடி. அதற்கு நடுவில் ஒரு சட்டம் வந்தது. பண்ணை நிலத்தில் குடிசை போட்டுக் குடியிருக்கிற கூலிக்காரர்களுக்கு அந்த மனை சொந்தமாகும்.

எங்கள் தெருவில் மற்றவர்களுக்குச் சிக்கல் வரவில்லை. எங்களுக்குத்தான் வந்தது. ஏனென்றால் எங்கள் வீடு தெருவோடு இல்லை. தெருவிலிருந்து வாய்க்காலைத் தாண்டி, பண்ணையின் நெற்களத்தை ஒட்டித் தனியாக இருந்தது. அப்பா களத்துக்குக் காவல் இருந்தவர். நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அம்மாவும் நானும்தான்.

பண்ணைக்காரர் தஞ்சாவூரில் இருந்தார். ஊரில் எல்லாம் அவருடைய காரியஸ்தர்தான். வெள்ளை வேட்டி, கக்கத்தில் குடை, வெற்றிலை வாய். அவர் ஒரு மனு போட்டார். ‘அது வீடே இல்லை. பண்ணையின் காவல் கொட்டகை. அறுவடை சமயத்தில் மட்டும் ஆள் படுப்பதுண்டு. அங்கே கிடக்கும் நாயும் பண்ணை நாயே.’

நாயைக்கூட விட்டுவைக்கவில்லை, பாவி மனுஷன்!

மனு ஜெயித்தால் நாங்கள் சட்டி பானையோடு வாய்க்கால் கரையில் நிற்க வேண்டியதுதான். எனக்கு ஆசிரியர் பயிற்சி முடிந்திருந்தது. வேலை வரவில்லை. அம்மாவுக்கு அந்தப் பண்ணை வயலை விட்டால் வேறு கூலி கிடையாது. தெருக்காரர்களுக்கும் அதே கதைதான். அதனால் சாட்சி சொல்ல யாரையும் கூப்பிட முடியவில்லை. வந்தால் அவர்களுக்கும் கூலி போகும்.

தாசில்தாரைப் பற்றி எனக்குத் துப்பு கொடுத்தவள் ஜமீலா. பயிற்சிப் பள்ளியில் என்னோடு படித்தவள். அவள் வாப்பா நீடாமங்கலம் ரயில்வே கேட் பக்கத்தில் கடை வைத்திருந்தார். கேட் சாத்தினால் எப்போது திறக்கும் என்று கேட்கீப்பருக்கே தெரியாது. பஸ்ஸில் இருப்பவர்கள் எல்லாரும் இறங்கி அந்தக் கடையில் சோடா குடித்துக்கொண்டு பேசுவார்கள். ஆகவே ஜில்லாவில் நடக்கிற அத்தனையும் ஜமீலாவுக்குத் தெரியும்.

“அந்தத் தாசில்தாரு சாட்சியெல்லாம் நம்ப மாட்டாராம்டி. ரெண்டு பக்கமும் ஆளைப் புடிச்சுட்டு வந்து பொய் சொல்றாங்கன்னு வெறுத்துட்டாராம். நேரா உள்ள வந்து அடுப்பு எவ்வளவு கரி புடிச்சிருக்குன்னு பாப்பாராம். அப்புறம் ரெண்டு பேரையும் தனித்தனியா வாசல் வரைக்கும் நடக்கச் சொல்வாராம். நாய் யாரைப் பாத்துக் குரைக்குதோ அவன் வெளியாளு. அம்புட்டுதான் தீர்ப்பு.”

அடுப்புக் கரிக்குக் குறைவில்லை. நாய்தான் இடித்தது.

படத்தில் சிரித்த நாய்

துரை எங்களுக்கு வந்தது நான் விடுதியில் இருந்த காலத்தில். பொழுது விடிந்து வெயில் ஏறும்வரை எழுந்திருக்காது என்பதால் அம்மா அந்தப் பெயரை வைத்தாள். காரியஸ்தர் காதில் விழும் தூரத்தில் இருந்தால் மட்டும் “சீ, நாயே” என்று கூப்பிடுவாள்.

நான் படிப்பு முடிந்து வந்தபோது அதற்கு இரண்டு வயது. என்னை ஏற்றுக்கொண்டது, ஆனால் மரியாதை கொடுக்கவில்லை. அது, சம்பாதித்துச் சோறு போடுகிற அம்மாவின் நாய். நான் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறவள்.

அப்படி இருக்கும்போதுதான் யோயோ வந்தது. ஜமீலாவின் மாமா சிங்கப்பூரிலிருந்து அவளுக்கு இரண்டு கொண்டுவந்திருந்தார். ஒன்றை எனக்குக் கொடுத்தாள். சிவப்பு நிறம், உள்ளங்கை அளவு, இரண்டு வட்டுக்கு நடுவில் நூல். விட்டால் இறங்கும், சுண்டினால் ஏறும். பார்த்த மாத்திரத்தில் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. வேலைக்குக் காத்திருப்பவளுக்குக் கையில் ஏதாவது வேண்டும் அல்லவா?

அம்மா அதை ஒரு நிமிஷம் பார்த்தாள். “கீழ போனது மேல வருது. இதுக்கா இவ்வளவு தூரம் கப்பல்ல கொண்டாந்தாங்க?” என்றாள்.

பெட்டிக்குள் ஒரு படத்தாள் இருந்தது. அதில் வித்தைகள் போட்டிருந்தன. சக்கரத்தை ஏறவிடாமல் கீழேயே சுற்றவிட்டுத் தூங்க வைப்பது ஒன்று. தலைக்கு மேல் முழு வட்டமாகச் சுழற்றுவது ஒன்று. தரையில் உருட்டிக்கொண்டே கூட நடப்பது ஒன்று. அதற்கு நாயை உலாத்துவது என்று பெயர். படத்தில் ஒரு வெள்ளைக்காரப் பையன் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போகிறான். பக்கத்தில் நிஜ நாய் ஒன்று சிரித்த முகமாகக் கூடவே போகிறது. அந்த நாயை நம்பித்தான் நான் மோசம் போனேன்.

துரையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு உருட்டினேன். அது சிரிக்கவில்லை. ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து சக்கரத்தைக் கவ்வியது. நூல் அதன் முன்னங்காலில் சுற்றிக்கொண்டது. பயந்துபோய் ஓட ஆரம்பித்தது. ஓட ஓடப் பின்னால் சக்கரம் கடகடவென்று துரத்தியது. அது வாய்க்காலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, அன்று காலைதான் நட்டிருந்த வயலுக்குள் இறங்கிவிட்டது. நானும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் இறங்கினேன். அன்றைக்கு நட்ட பெண்கள் என்னைத் திட்டிய வசவில் பாதியை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது.

அதோடு விட்டேனா? இல்லை. இரண்டு நாள் கழித்து முழு வட்டம் சுழற்றினேன். பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை. துரை இருந்தது. மூக்கில் நச்சென்று பட்டது. மூக்கு நுனி கிழிந்து ரத்தம் வந்தது. நான் மஞ்சளை அரைத்து எடுத்துக்கொண்டு போனால், அது என் கையைப் பார்த்து மூலையில் ஒண்டிக்கொண்டது. அம்மாதான் பூசிவிட்டாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. வாயில்லாத ஜீவனை அடித்துவிட்டோமே என்று அழுதேன்.

அதற்குப் பிறகுதான் குரைப்பு. நான் கை தூக்கினால் குரைக்கும். ஏறி இறங்குகிற எதைப் பார்த்தாலும் குரைக்கும். கிணற்று வாளியைப் பார்த்துக் குரைத்தது. உலக்கையைப் பார்த்துக் குரைத்தது. தபால்காரர், கொக்கு, நிலா, ஒன்று பாக்கியில்லை.

காரியஸ்தரைப் பார்த்து மட்டும் குரைக்காது. அவர் வரப்பில் வந்தால் தலையைத் தூக்கிப் பார்க்கும், மறுபடி கால்களுக்கு நடுவில் முகத்தை வைத்துக்கொள்ளும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “எட்டப்பன் பரம்பரையாடா நீ?” என்று கத்துவேன். அந்த நாள்களில் மனிதர்களே காலையில் ஒரு கொடி, மாலையில் ஒரு கொடி என்று மாறிக்கொண்டிருந்தார்கள். நாயும் கட்சி மாறிவிட்டது என்று நினைத்தேன்.

பத்து நாள் பாடம்

“அந்தச் சக்கரச் சனியனைக் கொண்டுபோய் ஆத்துல போடு” என்றாள் அம்மா.

“போட்டா மட்டும் நாய்க்குப் பயம் போயிருமா மாமி? கையைப் பாத்துல்ல குரைக்குது. கையையா வெட்டிப் போட முடியும்?” என்றாள் ஜமீலா. விஷயம் கேள்விப்பட்டுப் பஸ் பிடித்து வந்திருந்தாள். வந்தவள் வீட்டுப் பக்கம் வரவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குடை பிடித்துக்கொண்டு நின்று, அங்கிருந்தே பாடம் எடுத்தாள்.

“ஏன்டி அங்க நிக்கிறே?”

“அது நக்கிருச்சுன்னா எங்க மார்க்கப்படி ஏழு தடவை கழுவணும்டி. அதுல ஒரு தடவை மண்ணு போட்டு. எனக்கு உன் நாயைப் புடிக்கும். தூரத்துல புடிக்கும்.”

அவள் சொன்னது எளிய விஷயம். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பதுபோல் நாய்க்குச் சொல்லிக்கொடு என்றாள். இரண்டு வருஷம் படித்த பயிற்சியை முதன்முதலில் நான் பயன்படுத்தியது ஒரு நாயிடம்தான். நாய் வைத்திருக்கிற பிள்ளைகள் கையில் இந்தச் சக்கரம் இப்போதும் சுற்றுகிறது என்று கேள்வி. அதனால் நான் செய்ததைச் சொல்லிவைக்கிறேன்.

முதல் இரண்டு நாள் யோயோவைச் சுற்றவே இல்லை. நூலைக் கழற்றிவிட்டு, வட்டை மட்டும் துரையின் சோற்றுச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். முறைத்துப் பார்த்தது. பசி வந்ததும் முறைப்பை நிறுத்திவிட்டுத் தின்றது. மூன்றாம் நாள் வட்டை மோந்து பார்த்துத் தும்மியது.

பிறகு அம்மிக்கல்லுக்குப் பக்கத்தில் அதற்கு ஓர் இடம் ஒதுக்கினேன். அங்கே உட்கார்ந்தால் ஒரு கருவாட்டுத் தலை. எழுந்து என்னிடம் வந்தால் ஒன்றும் கிடையாது. அது உட்கார்ந்த பிறகு, நான் பத்து எட்டு தள்ளி நின்று மெதுவாக விடுவேன். நூலை என் தொப்புள் உயரத்துக்கு வெட்டிக் குறைத்துவிட்டேன். முழு நீள நூல் போகிற தூரம் நமக்கே தெரியாது, நாய்க்கு எப்படித் தெரியும்? தலைக்கு மேல் சுழற்றுவது அடியோடு கிடையாது. அது எழுந்து வந்தால் சக்கரம் உடனே உள்ளங்கைக்குள் போய்விடும். ஆடி முடித்ததும் நூலோடு சுருட்டிக் கூரை எரவாணத்தில் செருகிவிடுவேன். தரையில் கிடந்தால் நாய் மெல்லும், நூல் வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

ஜமீலா தினமும் பஸ்ஸில் வந்து கரையிலிருந்து கத்துவாள். “பின்னாடி பாருடி! விடுறதுக்கு முன்னாடி பின்னாடி பாரு!”

ஒன்பதாம் நாள் பெரிய அதிசயம் நடந்தது. நான் எரவாணத்தில் கை வைத்ததுமே துரை தானாக எழுந்து போய் அம்மிக்கல் பக்கத்தில் உட்கார்ந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சக்கரத்தை விட்டேன். உட்கார்ந்த இடத்திலிருந்து வாலை ஆட்டிக்கொண்டே குரைத்தது!

பயம் போய்விட்டது. பழக்கம் போகவில்லை. ஒரு இறக்கத்துக்கு ஒரு குரைப்பு, கணக்காக.

“இன்னும் ஒரு நாள்தான் இருக்கு” என்றேன் ஜமீலாவிடம்.

“நாளைக்கு மட்டும் கையைத் தூக்காம இருந்து தொலையேன்டி” என்றாள் அவள்.

தாசில்தார் வந்தார்

ஜீப் களத்து மேட்டில் நின்றது. தாசில்தார் ஒல்லியான மனிதர். பின்னால் டவாலிச் சேவகர் ஒருவர், ஃபைலோடு. காரியஸ்தர் முன்னமே வந்து, சலவை வேட்டியில் நின்றிருந்தார். தெருக்காரர்கள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். ஜீப்பைப் பார்த்துக் குரைத்த துரையை அம்மா அதட்டி வாசலில் படுக்க வைத்தாள்.

தாசில்தார் உள்ளே குனிந்து போனார். அடுப்பைப் பார்த்தார், கூரையின் கரியை விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தார். “வாய்க்கால் பாலத்துலேருந்து வாசல் வரைக்கும் நடந்து வாங்க” என்று காரியஸ்தரிடம் சொன்னார்.

காரியஸ்தர் பனைமரப் பாலத்திலிருந்து நடந்து வந்தார். துரை தலையைத் தூக்கியது. பார்த்தது. மறுபடி கால்களுக்கு நடுவில் முகத்தை வைத்துக்கொண்டது.

“நம்ம பண்ணை நாய் சார். குட்டியிலேருந்தே என்னைத் தெரியும்” என்றார்.

“இப்ப நீ பாலத்துலேருந்து நடந்து வாம்மா” என்றார் தாசில்தார் என்னிடம்.

நான் பாலத்துக்குப் போனேன். இரண்டு கையையும் தொடையோடு ஒட்டிக்கொண்டு, பரேடில் போகிறவளாக நடந்தேன். துரை எழுந்து வாலை ஆட்டியது. ஐந்து எட்டு. நாலு எட்டு. வாலாட்டல் அதிகமாயிற்று. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

அங்கேதான் என் படிப்பு காலை வாரிவிட்டது. அதிகாரி எதிரே நின்றால் வணக்கம் சொல்ல வேண்டும் என்று இரண்டு வருஷம் சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார்கள். வாசலில் தாசில்தார் முகத்தைப் பார்த்தேனோ இல்லையோ, என் இரண்டு கையும் தானாக மேலே போய்க் குவிந்தன.

லொள்! லொள்! லொள்!

காரியஸ்தர் வாய்விட்டுச் சிரித்தார். “பாத்தீங்களா சார்! அந்தப் பொண்ணைப் பாத்தே குரைக்குது!”

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அம்மா என்னைப் பார்க்கவே இல்லை.

“ஏம்மா, உங்க வீட்டு நாயின்னா உன்னைப் பாத்து ஏன் குரைக்குது?” என்று தாசில்தார் கேட்டார்.

பொய் சொல்லத் தெரியவில்லை. யோயோ கதை முழுவதையும் சொன்னேன். மூக்கில் அடித்ததையும் சொன்னேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. “எங்கே, காட்டு” என்றார்.

எரவாணத்தில் கை வைத்தேன். துரை கடமையாகப் போய் அம்மிக்கல் பக்கத்தில் உட்கார்ந்தது. பின்னால் பார்த்தேன். டவாலி நின்றிருந்தார். “தள்ளி நில்லுங்கண்ணே” என்றேன். அவர் மூன்று எட்டுத் தள்ளிப் போனார். சக்கரத்தை விட்டேன். லொள். ஏறியது. விட்டேன். லொள். தாசில்தார் மீசைக்குள் சிரிப்பை அடக்கியதைப் பார்த்தேன்.

“இவ்வளவு உரிமையா எந்த நாயும் வெளியாளுகிட்ட சண்டை போடாது” என்றார். பிறகு சிரிப்பு போய்விட்டது. “அது சரி. அவரைப் பாத்து ஏன் குரைக்கலை?”

இதை என்னிடம் கேட்கவில்லை. அம்மாவைக் கேட்டார்.

அம்மா தரையைப் பார்த்தாள். காரியஸ்தரைப் பார்த்தாள். மறுநாள் நடவுக்கு ஆள் சொல்கிறவர் அவர்தான். வாயைத் திறந்தால் கூலி போகும், திறக்காவிட்டால் வீடு போகும்.

“குரைக்க விட்டதில்லீங்கய்யா” என்றாள்.

“அப்படின்னா?”

“குட்டியா இருந்தப்பலேருந்து, ஐயாமாரு வரப்புல வந்தா நான் இதோட வாயைப் பொத்திப் புடிச்சுக்குவேங்க. இதுக்கு முன்னாடி இருந்த நாயி ஒரு தடவை இவங்களைப் பாத்துக் குரைச்சுருச்சு. அதுக்கு எங்க வீட்டுக்காரரு ஒரு பகல் பூரா களத்துல கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு. மறுநாளே அந்த நாயைக் கண்காணாத ஊர்ல கொண்டுபோய் விட்டுட்டு வந்தாரு. இது நான் கை வைக்காமலே இப்ப வாயை மூடிக்குதுங்க.”

துரையை எட்டப்பன் என்று எத்தனை தடவை திட்டியிருப்பேன்! இரண்டு வருஷம் குழந்தை மனம் படித்த எனக்கு இது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

தாசில்தார் காரியஸ்தர் பக்கம் திரும்பினார். “பண்ணை நாயா இருந்தா எதுக்குங்க வாயைப் பொத்தணும்?”

காரியஸ்தர் வெற்றிலையைத் துப்பப் போனவர் திரும்பி வந்து நின்றார்.

டவாலி ஃபைலை நீட்டினார். ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்துத் தாசில்தார் எழுதினார். கிழக்கே வாய்க்கால், மேற்கே களம் என்று எல்லை சொன்னது நான். அம்மாவின் பெயரைக் கேட்டு, “அஞ்சலை” என்று எழுதிக்கொண்டார். “மனை உங்களுக்குத்தாம்மா. பட்டா ஆபீஸ்லேருந்து வரும்” என்றார். ஜீப் போய்விட்டது.

காரியஸ்தர் குடையை விரித்துக்கொண்டு வரப்பில் நடந்தார். அம்மா வாசலில் நின்று அவர் போவதைப் பார்த்தாள். பிறகு குனிந்து, மெதுவாக, “குரைடா தொரை” என்றாள்.

துரை அவள் முகத்தைப் பார்த்தது.

“குரைடா ராசா. ஒண்ணும் ஆவாது.”

அது வாயை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டது. காரியஸ்தர் பாதி வரப்பு போயிருந்தார். அம்மாவின் கை தன்னை அறியாமல் அதன் மூஞ்சிப் பக்கம் போனது. போன கையைச் சட்டென்று இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

யோயோ என் விரலிலேயே இருந்தது. பின்னால் பார்த்தேன். யாருமில்லை. விட்டேன்.

லொள்!

வரப்பில் குடை நின்றது. காரியஸ்தர் திரும்பி எங்களைப் பார்த்தார். அம்மா அசையவில்லை. அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்பைவிட வேகமாக நடந்தார்.

அம்மா வரப்பை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

“இன்னொரு தரம் விடுடி.”